காலேஜ் பெட்டி

காலேஜுக்குங்களா? அந்த டிரங்குப் பெட்டியப் பாத்ததுமே நெனச்சேன். இப்படி நகந்து உக்காருங்க, அந்தப் பக்கம் பஸ்ஸு போகப்போக வெயில் மூஞ்சில அடிக்கும். முன்னால நீல சுடிதாருல உக்காந்திருக்குதே, அதுதான் உங்க பொண்ணா? அழுதாப்பல இருக்குது. மொத வருசம் எல்லாமே அழுவுமுங்க. ரெண்டு மாசம் போனா நீங்க போன் போட்டாலும் எடுக்காது.

நல்ல காலேஜுதானுங்க. நான் கொறை சொல்ல மாட்டேன். கட்டடம் சுத்தம், சோறு பரவாயில்ல, பொண்ணுங்க ஹாஸ்டலுக்குக் காவல் இருக்குது. தைரியமா விட்டுட்டுப் போங்க.

நான் கரட்டுப்புதூருங்க. காலேஜ் இருக்கறதே எங்க ஊராட்சிலதான். போர்டுல மட்டும் டவுன் பேரப் போட்டுக்கிட்டாங்க. எம்பேரு அமிர்தவல்லி. பால்வாடி டீச்சர்னு கேட்டா அப்பெல்லாம் சின்னப்புள்ளைகூட வூட்டக் காட்டும். இப்ப காட்டாது. பின்னால திரும்பிப் பாக்காதீங்க, பொறவு பாருங்க, எங்க ஊர்க்காரிக மூணு பேரு கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாளுக. நீங்க ஏறுற வரைக்கும் எம்பக்கத்துல இந்த எடம் காலியாத்தான் இருந்துச்சு. ஒருத்தி வந்து உக்காரல.

நான் என்னுங்க பண்ணுனேன்? ஓட்டுச் சேத்துனேன். அவ்வளவுதான். ஓட்டுச் சேக்கறது குத்தமுங்களா?

எங்களுக்குப் புள்ளைகளுக்குச் சத்துமாவு குடுக்கறது மட்டும் வேலையில்லீங்க. வாக்காளர் பட்டியலும் எங்க தலைலதான். பி.எல்.ஓ.ம்பாங்க. ஊர்ல யாருக்குப் பதினெட்டு ஆச்சு, யாரு செத்தா, எந்தப் பொண்ணு கட்டிக்குடுத்துப் போச்சு, எது கட்டிக்கிட்டு வந்துச்சு, எல்லாத்தையும் வூடு வூடாப் போய் விசாரிச்சு எழுதி தாலுக்காபீசுல குடுக்கோணும். பதினோரு வருசமாப் பண்றேன். எங்க ஊராட்சி மொத்தத்துக்கும் அப்பெல்லாம் ஆயிரத்து நூத்திச் சொச்சம் ஓட்டுதான். லிஸ்ட்டப் பாக்காம வரிசையாச் சொல்லுவேன். அத்தனையும் மனப்பாடம்.

உங்க பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிருச்சுங்களா? கார்த்திகை மாசந்தானா? சரி சரி. சும்மா கேட்டேன்.

காலேஜ் வந்து பதினஞ்சு வருசமாச்சு. வானம் பாத்த பூமி, சோளமும் கடலையும் போட்டுட்டு இருந்தவங்க, நல்ல வெலைக்குக் கேட்டதும் குடுத்துட்டாங்க. மொதல்ல ஒரு கட்டடம். அப்பறம் நாலு. அப்பறம் மூணு ஹாஸ்டல். பேக்கரி வந்துச்சு, செல்போன் கடை வந்துச்சு, மாட்டுக் கொட்டாயி இருந்த எடத்துலயெல்லாம் ரூம் கட்டி வாடகைக்கு விட்டாங்க. எல்லாரும் சம்பாரிச்சாங்க, இல்லீன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம். தண்ணிதான் வம்பாப் போச்சு. நாலாயிரம் பேரு குளிக்கறதுன்னா சும்மாவா? ஏரிக்குக் கீழ பக்கமா போருக்கு மேல போராப் போட்டாங்க. ஊர்ப் பொதுக் கெணத்துல இருந்துதான் எங்களுக்கு டேங்குக்குத் தண்ணி ஏறும். அது வருசா வருசம் எறங்கிட்டே போச்சு.

அப்பத் தலைவரு மயிலாத்தாக்கா. நாலு எருமை வெச்சிருந்துச்சு, அஞ்சாவது வரைக்கும் படிப்பு. பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்குன சீட்டு, சரி, கையெழுத்து இது போடும், நிர்வாகம் புருசன் பாப்பாருன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. அந்த ஆறுச்சாமியண்ணன் கூட்டத்துக்குள்ளயே கால வெக்கல. அக்காள வண்டில கொண்டாந்து எறக்கிவிட்டுட்டு வேப்பமரத்தடில உக்காந்து பேப்பர் படிப்பாரு. யாராச்சும் போயி, "ஏனுங்க, இந்த லைட்டுக் கம்பம் விசயமா..." அப்படின்னா, "எனக்கென்ன தெரியும், தலைவரு உள்ள இருக்குது, அங்க போய்க் கேளு"ம்பாரு. சிரிக்கமாட்டாரு. நெசமாவே சொல்லுவாரு.

அக்கா நல்லாத்தான் பண்ணுச்சு. எம்பட பால்வாடி ஓடு ஒடஞ்சு ஒழுகிட்டு இருந்ததக் காங்கிரீட்டுப் போட்டுக் குடுத்ததே அதுதான். எங்கூட்டுக்காரரு தவறுனப்பவும் பதினாறு நாளும் எங்கூட்டுலதான் சமைச்சுது. அதெல்லாம் நான் மறக்கலீங்க.

ஆனாப் பாருங்க, அது பெரிய எடத்துல கைய வெச்சுருச்சு. ஓடைப் பொறம்போக்குல காலேஜ்காரங்க போட்டிருந்த ரெண்டு போரு, அது ஊராட்சி நெலம், அதுல போடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டு, அதிகாரிகளக் கூட்டிட்டுப் போயி மூடிச் சீல் வெச்சுருச்சு. நானும் வேடிக்கை பாக்கப் போயிருந்தேன். காலேஜுல பஸ்ஸெல்லாம் பாத்துக்கற மேனேஜரு திருமூர்த்தி நின்னுட்டிருந்தாரு. அவரும் எங்க ஊராட்சிதான், கரட்டுமேடு.

"அக்கா, இதுக்கு நெம்ப வருத்தப்படுவீங்க" அப்படின்னாரு.

"தண்ணியில்லாம வருத்தப்படறதுக்கு இது பரவால்ல, தம்பி" அப்படின்னுச்சு அக்கா.

எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்.

அது சித்திரை. ஊராட்சித் தேர்தலு வர்ற மார்கழிலன்னு பேச்சு. ஆடி மாசம் காலேஜுல இருந்து எனக்கு ஆளு வந்துச்சு. மாணவர்களுக்கு வாக்காளர் சேர்ப்பு முகாம் நடத்தறோம், நீங்க கண்டிப்பா வரோணும்னு கார் அனுப்பிச்சாங்க. கார்ங்க. எனக்கு.

போனா பெரிய ஹாலு, ஏசி ஓடுது. மேடைல ஏழு நாற்காலி. அதுல ஒண்ணுல எம்பேரு ஒட்டியிருக்குது. எனக்கு அப்ப நாப்பத்தாறு வயசுங்க. அது வரைக்கும் நான் ஒரு மேடை ஏறுனதில்ல. தாலுக்காபீசுல எல்லாம் நிக்க வெச்சே பேசி அனுப்பிருவாங்க. காலேஜு சேர்மன் சாரு எந்திரிச்சு மைக்கப் புடிச்சு, "கிராமத்துல ஜனநாயகத்தத் தூக்கிச் சுமக்கறவங்க இவங்கதான்"னு சொல்லி எனக்குச் சால்வை போத்துனாரு. ஆயிரம் புள்ளைங்க கை தட்டுச்சு. நான் அழுதுட்டேன். வூட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால மறுபடி போத்திப் பாத்தேன்.

அதே ஆடி மாசம்தான் எம்பட பொண்ணு சுபிக்கு அங்க சீட்டுக் கெடச்சுது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லீங்க. இத நான் எல்லாத்துக்கும் சொல்றது. மார்க்கு கொஞ்சம் கம்மிதான், அவ கேட்ட கம்ப்யூட்டர் படிப்புக்கு நெம்பவே கம்மிதான். ஆனா சேர்மன் சாரு, சமூகத்துக்கு ஒழைக்கறவங்க பொண்ணு, பீஸ்ல பாத்துச் செய்யுங்கன்னு ஆபீசுல சொல்லிப்போட்டாரு. அது அவரு நல்ல மனசு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

முகாம் மூணு நாளு நடந்துச்சு. ஆறாம் நம்பர் ஃபாரம், பேரு சேக்கறதுக்கு. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற புள்ளைங்க, வார்டன் கையெழுத்து இருந்தா, அங்கயே ஓட்டுச் சேத்துக்கலாமுங்க. சட்டம் இருக்குது. நான் சட்டத்தைத் தாண்டல. வூட்டுப் பக்கம் ஏற்கெனவே ஓட்டு இருந்தா அத விட்டுக் குடுக்கோணும். நான் ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்து விசாரிச்சு எழுதோணும். வார்டன் ரூம்புல கட்டுக்கட்டா ரெடியா வெச்சிருந்தாங்க. காத்தாடியப் போட்டு, ஜூஸ் குடுத்து, "டீச்சர் நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னாங்க. நேர்ல விசாரிச்சேன்னு போட்டேன். ஃபாரத்துல போட்டோ இருந்துச்சில்லீங்க? பாத்த மாதிரிதான?

அறுநூத்திப் பன்னெண்டு பேரு. பாதிக்கு மேல கடைசி வருசம். ராமநாதபுரம், தர்மபுரி, ஆந்திரா பார்டருன்னு எங்கெங்கயோ இருந்து வந்தது. தாசில்தாரு எனக்குப் பாராட்டுக் கடிதாசு குடுத்தாரு. வட்டத்துலயே நான்தான் அதிகம்.

புரட்டாசில வரைவுப் பட்டியல் வந்துச்சு. அத நான் பால்வாடிச் செவுத்துல ஒட்டோணும், ஆட்சேபணை இருந்தா ஊர்க்காரங்க குறிச்ச தேதிக்குள்ள எழுதிக் குடுக்கலாம். அக்கா வந்துச்சு. புள்ளைங்க தூங்கிட்டு இருந்த நேரம்.

"அமிர்தம், காலேஜுப் பசங்கள எல்லாம் நம்ம லிஸ்ட்டுல சேத்திருக்கறயாமா? எத்தன பேரு?"

"இருக்கும்க்கா, கொஞ்சம்."

"லிஸ்ட்டக் காட்டு."

"தாலுக்காபீசுல இருக்குதுக்கா. இன்னும் வல்ல."

பைக்குள்ளதாங்க இருந்துச்சு. நாற்காலில மாட்டியிருந்த இதே பைதான். ஆனா, திருமூர்த்தி போன் போட்டு, ரெண்டு நாளு பொறுத்து ஒட்டுங்க டீச்சர், அச்சுப்பிழை இருக்குது, சரி பண்ணிக் குடுக்கறோம்னு சொல்லியிருந்தாரு. அதிகாரி சொன்னாப்பலதான நான் கேக்க முடியும்? அவரு அதிகாரியில்லதான். இருந்தாலும்.

அக்கா தாலுக்காபீசுக்குப் போச்சு. அங்க பி.எல்.ஓ.கிட்டப் பாருங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடி எங்கிட்ட வந்துச்சு. அன்னைக்கு நான் சுபியக் கூட்டிட்டு டவுனுக்குப் போயிருந்தேன். மூணாவது நாளு நான் ஒட்டுனேன். ஒட்டுன நாளு தேதி முடிஞ்சிருந்துச்சு.

அக்கா செவுத்துக்கிட்ட நின்னு அத்தன பேரையும் படிச்சுது. மெதுவாத்தான் படிக்கும். ஒரு மணி நேரம் இருக்கும். அப்பறம் திரும்பி, "இதுல ஒருத்தரு மொகமாச்சும் உனக்குத் தெரியுமா, அமிர்தம்?"னு கேட்டுச்சு. கோவமாக் கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு.

திருமூர்த்திதான் எதுத்து நின்னாரு. தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கெடையாதில்லீங்க, அக்காவுக்குப் பூட்டு சாவி, அவருக்கு மூக்குக்கண்ணாடி. ஊருக்குள்ள அவருக்குப் பெருசா ஆளில்ல. கரட்டுமேட்டுல சொந்தபந்தம், பஸ்ஸு ஓட்டற வேலைக்கிப் போற குடும்பங்க, வாடகைக்கு ரூம் விட்டிருக்கறவங்க. அவ்வளவுதான். அக்கா வூடு வூடாப் போச்சு. காலேஜுக்குள்ள மட்டும் போக முடியல. கேட்டுல செக்யூரிட்டி விடல, பரிச்சை நேரம்னுட்டான். அக்கா கேட்டுக்கு வெளிய ரோட்டோரமா நோட்டீசு வெச்சுட்டு நாலு நாளு நின்னுச்சு. ஆறுச்சாமியண்ணன் கொடையப் புடிச்சுட்டுப் பக்கத்துல நின்னாரு. காலேஜ் பஸ்ஸு அவங்களத் தாண்டித் தாண்டிப் போகும். சில புள்ளைங்க சன்னல் வழியா நோட்டீச வாங்கிச்சு. ஒரு பொண்ணு எறங்கி வந்து பேசிச்சாமா. "எங்க ஊர்லயும் குழாயில தண்ணி வராதுங்க"ன்னுச்சாமா. அக்கா அத எல்லாத்துக்கிட்டயும் சொல்லிச் சந்தோசப்பட்டுது, அந்த ஒரு பொண்ணு முழு ஹாஸ்டலுக்கும் சொல்லீரும்ங்கற மாதிரி.

ஓட்டன்னைக்கு எங்க பள்ளிக்கோடத்துல ரெண்டு ரூம்புல ரெண்டு பூத்து. ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு புதுசாச் சேந்தவங்களுக்கு. ஊர் வரிசை காலைல ஏழு மணிக்கே வேலி வரைக்கும் நின்னுச்சு. பத்து மணிக்குக் காலேஜ் பஸ்ஸு எட்டு வந்துச்சு. நூறு மீட்டருக்கு அக்கட்டால பந்தலு, மோரு. கழுத்துல அடையாள அட்டைய மாட்டிக்கிட்டு வரிசையா எறங்குச்சுங்க. வாத்தியாருங்க நோட்டுல பேர டிக் பண்ணிட்டு இருந்தாங்க. வராதவங்களுக்கு வருகைப்பதிவுல கை வெச்சிருவாங்கன்னு ஒரு பையன் சொன்னான். அது நெசமான்னு எனக்குத் தெரியாது.

நான் வெளிய சிலிப்பு எழுதிக் குடுக்கற மேசைல இருந்தேன். ஒரு பொண்ணு, உங்க பொண்ணாட்டம் ஒல்லியா, வந்து கேட்டுச்சு.

"ஆன்ட்டி, நாலு கலர்ல பேப்பர் குடுப்பாங்களாமே, இதுல பிங்க் எதுக்கு?"

"அது ஊராட்சித் தலைவருக்கும்மா."

"யாரெல்லாம் நிக்கறாங்க?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா."

"பரவால்ல ஆன்ட்டி, பிங்க்ல மூக்குக்கண்ணாடின்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாங்க. மத்த மூணுக்கும் உங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க."

சிரிச்சுட்டே போச்சு. அதுக்கு மொத ஓட்டு. விரல்ல மை வெச்சதப் போட்டோ எடுத்துக்கிச்சு. அதுங்க மேல தப்புச் சொல்ல முடியுங்களா? புள்ளைங்க.

எண்ணறப்ப, ஊர்ப் பெட்டியத் தொறந்து முடிக்கற வரைக்கும் அக்கா நானூறு ஓட்டு முன்னால. பட்டாசு வாங்க ஆளு போயாச்சு. காலேஜ் பெட்டியத் தொறந்தாங்க. கடைசில அக்கா எழுநூத்தி நாப்பத்தி நாலு. திருமூர்த்தி எழுநூத்தி எழுவத்தாறு. முப்பத்திரண்டு ஓட்டு வித்தியாசம். மறுபடி எண்ணச் சொன்னாங்க, எண்ணுனாங்க, அதேதான். அக்கா சேலைத் தலைப்ப இழுத்துச் சொருகிட்டு எந்திரிச்சு, "காலேஜ் பெட்டிலயும் எனக்கு அம்பது பேரு போட்டிருக்குதுங்க, பாருங்க"ன்னு அண்ணங்கிட்டச் சொல்லுச்சு.

தை பொறந்ததும் மொத தீர்மானம், ஓடைப் போருச் சீல ஒடைக்கறது. ரெண்டாவது, புதுசா ஆறு போரு. பங்குனில பொதுக் கெணறு வறண்டு போச்சு. எட்டு நாளைக்கு ஒருக்கா லாரித் தண்ணி. குடும்பத்துக்கு ஏழு கொடம். கெணத்த ஆழப்படுத்திக் குடுங்கன்னு ஊர்ச் சனம் ஊராட்சில போய் நின்னா, நிதி இல்ல, எழுதிப் போட்டிருக்கறோம்னாரு திருமூர்த்தி. அவரும் பாவம், எழுதித்தான் போட்டிருந்தாரு, நான் பாத்தேன்.

நாமளே வெட்டிக்கலாம்னு ஊருக்குள்ள பேசி எறங்கிட்டாங்க. ஆறுச்சாமியண்ணன் சின்ன வயசுல கெணறு வெட்டப் போனவரு. அவருதான் கீழ எறங்குனாரு. தொண்ணூறு அடி. மேல இருந்து கயித்துல கூடை எறக்கி மண்ண ஏத்துனாங்க. மூணு நாளு நல்லாத்தான் நடந்துச்சு. நாலாவது நாளு பகலு பதினோரு மணிக்குப் பக்கவாட்டுப் பாறை சரிஞ்சு போச்சு.

நான் பால்வாடில இருந்தேன். சத்தம் கேட்டு ஓடுனேன். கெணத்துக்குள்ள தூசி பொகையாட்டம் ஏறிட்டு இருக்குது, ஒண்ணும் தெரியல. அக்கா மேட்டுல நின்னு, "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கூப்புட்டுட்டே இருக்குது. கீழ இருந்து சத்தமே இல்ல. தீயணைப்பு வண்டி டவுன்ல இருந்து வரோணும். அதுக்குள்ள ஹாஸ்டல் பசங்க ஓடியாந்தானுங்க, முப்பது நாப்பது பேரு. அதுல ரெண்டு பேரு, யாரு தடுத்தும் கேக்காம, இடுப்புல கயித்தக் கட்டிட்டு எறங்கிட்டானுங்க. கல்லக் கையாலயே அள்ளியள்ளிக் கூடைல போட்டானுங்க. ஒரு மணி நேரம் ஆச்சு. அண்ணனக் கட்டித் தூக்குனப்பவே உசுரு இல்ல.

மேல ஏறி வந்த பையனுக்குக் கையெல்லாம் ரத்தம். மண்ணுல உக்காந்துட்டான். ஒரு பொம்பள சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. பாதி குடிச்சுட்டு, கையக் கழுவட்டுமான்னு கேட்டான். அவ தயங்குனா. ஒரு கொடம்தான் வூட்டுல இருக்குதுன்னா. அவனுக்குப் புரியல. "ஏன் இங்க தண்ணியில்ல? எங்க ஹாஸ்டல்ல எந்நேரமும் வருதே"ன்னான். சுத்தி நின்ன சனம் எல்லாம் என்னப் பாத்துச்சு. அவனப் பாக்கல, அங்க வந்து நின்ன திருமூர்த்தியப் பாக்கல, என்னத்தான். அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க இது.

எழவுக்குப் போனேன். பக்கத்துல உக்காந்திருந்தவளுக நகந்தாளுக, எடம் விடறதுக்கில்ல, சேலை படக்கூடாதுன்னு. மறுநாளு பால்வாடிக்கு நாலு புள்ளைங்க வந்துச்சு. மொதநாளு வரைக்கும் இருவத்தி மூணு. ஆரு சொல்லி நிறுத்துனாங்கன்னு கேட்டா ஆரும் சொல்லலீங்கறாங்க. இப்ப அதும் ரெண்டாப் போச்சு. புள்ளைங்க இல்லாத மையத்த எதுக்கு நடத்தறீங்கன்னு மேல இருந்து எனக்கு மெமோ. சொல்லுங்க, இதுவும் எம்பட தப்பா?

சுபி அப்ப மொத வருசம். அண்ணன் செத்த அன்னைக்குச் சாய்ங்காலம் காலேஜு விட்டு வந்தா. சோத்துத் தட்ட முன்னால வெச்சேன். கையே வெக்கல.

"அம்மா, எனக்கு சீட்டு எப்படிக் கெடச்சுது?"

"படிச்சதுக்குக் கெடச்சுது."

"என் மார்க் எனக்குத் தெரியும்."

"அத இப்ப எதுக்குடி கேக்கற? சாப்புடு."

தட்ட எடுத்துட்டுப் போயி மூடி வெச்சுட்டா. காலேஜ விடல. முடிச்சா. நல்லா முடிச்சா. பெங்களூருல வேலை. நான் போன் போட்டா எடுப்பா, "சொல்லுங்க"ம்பா. அம்மான்னு ஒரு வார்த்தை இல்லீங்க. அவளுக்காகத்தான பண்ணுனேன்... படிக்க வெச்சதச் சொல்றேன். போன வருசம் ஓட்டையும் பெங்களூருக்கு மாத்திக்கிட்டா, முறைப்படி ஃபாரம் போட்டு. அந்தக் காலேஜுல படிச்சுட்டுப் போனதுகள்ல ஒழுங்காப் பேர எடுத்துட்டுப் போனது எம்பட பொண்ணு ஒருத்திதான். அந்த விசயத்துல எம்பட பொண்ணுதான், சந்தேகமே வேண்டாம்.

மத்ததுங்கல்லாம் கெணறு சரிஞ்ச வருசம் வைகாசியில இருந்தே போயிருச்சு. பொட்டி படுக்கையத் தூக்கிட்டு பஸ்ஸு ஏறி, அவனவன் ஊருக்கு, சென்னைக்கு, எங்கெங்கயோ. கெணத்துல எறங்குன ரெண்டு பசங்களும் போயிட்டானுங்க. ஓட்டு மட்டும் இங்கயே இருக்குது. போனவங்க பேர நானா அடிச்சிரலாம்னு நெனைக்காதீங்க. ஏழாம் நம்பர் ஃபாரம் வரோணும், நோட்டீசு அனுப்போணும், அவங்க வந்து சொல்லோணும். திருமூர்த்தி வேற, "இருக்கட்டும் டீச்சர், அவசரமில்ல, புதுப் பசங்களும் சேரட்டும்"ங்கறாரு. சேந்துட்டுத்தான் இருக்குது.

இப்ப இந்தப் பைல இருக்கறது அந்த ஏழாம் நம்பர் ஃபாரம்தானுங்க. தாலுக்காபீசுல காட்டிட்டுத்தான் திரும்பிட்டு இருக்கறேன். யாரு குடுத்ததுங்கறீங்க? அக்காதான். ஒரேயடியாக் கட்டாக் குடுத்தா வாங்கக்கூடாதுன்னு நான் சொன்னேன். அதனால இந்த ஒரு வருசமா தினம் ஒண்ணு கொண்டாருது. அதுவே ஒக்காந்து எழுதுது, ஒவ்வொரு எழுத்தா, பால்வாடிச் செவுத்துல இருந்து பாத்து எழுதுன லிஸ்ட்ட வெச்சுட்டு. எருமைக்குத் தண்ணி காட்டிட்டு பத்து மணிக்கு வரும். மேசைல ஃபாரத்த வெக்கும். ரசீதுக்குக் கைய நீட்டும். நான் கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன். மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுட்டுப் போயிரும். திட்டுனாலாச்சும் தேவலைங்க. நாயே பேயேன்னு நாலு வார்த்தை கேட்டுட்டுப் போனா எனக்கு மனசு ஆறும். கேக்கமாட்டேங்குது. நேத்தோட இருநூத்திப் பதினொண்ணு.

எல்லாமே விசாரணைல நிலுவை. ஆளு ஊர்ல இல்லாம யாரப் போயி விசாரிக்கறது? நான் ரிப்போர்ட்டுல அப்படித்தான் எழுதியிருக்கறேன்.

ஒண்ணே ஒண்ணுதான் முடிஞ்சிருக்குது. அது அக்கா மொதமொதக் கொண்டாந்தது. காலேஜுப் புள்ளை பேரில்லீங்க. வாக்காளர் பேரு ஆறுச்சாமி, வயசு அம்பத்தேழு, காரணம் இறப்பு. அது வரைக்கும் அந்தப் பேர நானும் எடுக்காமயே விட்டிருந்தேன். அத நான் ஒரே வாரத்துல முடிச்சு, பேரு நீக்கப்பட்டதுன்னு கடிதாசு வாங்கி, நானே அக்கா வூட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். நம்மளால முடிஞ்ச ஒத்தாசைதான?

அக்கா வாசல்ல நின்னே படிச்சுது. மெதுவா. படிச்சு முடிச்சுட்டு, "மத்தவிய பேரெல்லாம் எப்ப எடுப்பே, அமிர்தம்?"னு கேட்டுச்சு.

"அதெல்லாம் லேட்டாகும்க்கா. சம்பந்தப்பட்டவங்க நேர்ல வந்து, நாங்க இங்க இல்லீன்னு சொல்லோணும்."

அக்கா கடிதாச மடிச்சுது.

"இவரு வந்து சொன்னாரா?"னுச்சு.

மறுநாளு பத்து மணிக்கு ரெண்டாவது ஃபாரத்தோட வந்து நின்னுச்சு. நான் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ரசீதக் கிழிச்சுக் குடுத்தேன்.